ஈரைப் பேனாக்கும் விதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரிகைக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் பேனைப் பற்றி. தலையில் ஊருகிற பேன்தான். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கட்டும்.

நான் கடிகாரம் பழுதுபார்க்கிறவன். 27 வருடமாக ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பவன். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. "உடனே வந்து பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க சார்." காய்ச்சலா, எங்காவது விழுந்துவிட்டாளா என்று கேட்டேன். "வாங்க, நேர்ல சொல்றோம்." பிரித்துப் போட்டிருந்த கடிகாரத்தின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பையின் மேல் நான்காக மடித்துப் பின் குத்திய ஒரு சீட்டு. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படி என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "சொறிஞ்சா எல்லாரும் பாக்குறாங்கப்பா." சீட்டில் இரண்டே வரி. தலையில் பேன் இருக்கிறது. பேனும் ஈரும் முழுவதுமாக நீங்கிய பிறகே வகுப்பில் அனுமதிக்கப்படுவாள்.

இந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான் என் கடிதம். அந்த வரி எங்களை 9 பள்ளி நாட்கள் அலைக்கழித்தது. கடைசியில் என்னைப் பொய்யனாகவும் ஆக்கியது. அதையும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே பேன் மருந்து வாங்கினோம். பெர்மெத்ரின் 1 சதவீதம் என்று போட்டிருந்தது. 10 நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை. ஊறட்டும் என்று ஒரு மணி நேரம் வைத்துவிட்டேன். கடையில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டிய இடத்தில் இரண்டாவது சொட்டு விழுந்தால் பதறுகிற ஆள் நான். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. தாளில் இன்னொன்றும் இருந்தது: ஊர்ந்துகொண்டிருக்கும் பேனைத்தான் இந்த மருந்து கொல்லும், பொரிக்காத முட்டையைக் கொல்லாது, அதனால் ஒன்பது நாள் கழித்து மறுபடி போட வேண்டியிருக்கும் என்று. அதைப் படித்தது பிற்பாடு.

பக்கத்து வீட்டு அக்கா வேறு வழி சொன்னார். "எதுக்குத் தம்பி இவ்ளோ பாடு? உங்ககிட்டதான் பெட்ரோல் இருக்குமே, ரெண்டு சொட்டு தேய்ச்சு விடுங்க, எல்லாம் உதிர்ந்துரும்." இருக்கிறது. பல்சக்கரங்களை அலசுவதற்காகச் சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன். திறந்தால் ஆவி எப்படிப் பரவும், எவ்வளவு தூரத்தில் இருக்கும் நெருப்பை எட்டிப் பிடிக்கும் என்று அறிந்தவன் அதைக் குழந்தையின் தலையில் ஊற்றுவானா? மண்ணெண்ணெயும் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை இல்லை. தலைத்தோலைப் புண்ணாக்கும், அடுப்புப் பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து. நல்ல மனதோடு சொல்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளிப்பாட்டி, இரட்டைப் பின்னல் இறுக்கிப் போட்டு, பள்ளிக்கு அழைத்துப் போனேன். வகுப்பு வாசலிலேயே ஆசிரியை நிறுத்தினார். கையால் தொடவில்லை. ஒரு பென்சிலின் முனையால் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். "ஈர் இருக்குங்க சார். ஈர் இருக்கற வரைக்கும் சேர்க்கக் கூடாதுன்னு ரூல்." வாசலில் இருந்தே திரும்பினோம். அடுத்த புதன்கிழமையும் இதே பென்சில், இதே பேச்சு.

ஆசிரியை கெட்டவர் இல்லை. அவர் வகுப்பில் 34 பிள்ளைகள். "அந்தப் பொண்ணு பக்கத்துல என் பொண்ணை ஏன் உக்கார வெச்சீங்க" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். என்னோடு பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய கை தன்னையறியாமல் அவர் தலைக்குப் போனது. பேன் என்ற சொல்லைக் கேட்டாலே அப்படித்தான், இதைப் படிக்கிறவர்களுக்கும் இந்நேரம் அரித்திருக்கும்.

முதலில் திருப்பி அனுப்பிய அந்த வெள்ளிக்கிழமை இரவுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. மகளை மேசை விளக்கடியில் உட்காரவைத்து, ஈர் ஒட்டியிருந்த ஒரு முடியை அடியோடு கத்தரித்து எடுத்தேன். வெள்ளைக் காகிதத்தில் கிடத்தி, லென்ஸை மாட்டிப் பார்த்தேன். சின்னக் குப்பி ஒன்றை முடியோடு சாய்த்து வைத்துப் பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தது. இடுக்கியால் தள்ளினால் நகராது. பொடுகுக்கும் ஈருக்கும் இதுதான் வித்தியாசம். பொடுகு என்றால் ஊதினாலே போய்விடும். குப்பியின் மேல் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. குஞ்சு எப்போதோ வெளியே போய்விட்ட வெற்று ஓடு.

அப்புறம் வெர்னியர் காலிப்பரை எடுத்து, தலைத்தோல் பக்கமிருந்த முனையிலிருந்து ஓடு வரை அளந்தேன். 22 மில்லிமீட்டர்.

இந்த அளவில்தான் விஷயம் இருக்கிறது. பேன் முட்டையைத் தலைத்தோலை ஒட்டித்தான் இடும், பொரிக்க அந்தச் சூடு வேண்டும். இட்ட இடத்திலிருந்து ஈர் நகராது, முடிதான் அதைத் தூக்கிக்கொண்டு வளரும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் என் கையில் இருந்த ஓடு சுமார் இரண்டு மாதத்துக்கு முன் இட்ட முட்டை. இரண்டு மாதமாக என் மகள் அதே வகுப்பில், அதே பெஞ்சில், தோழியின் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் வரைந்திருக்கிறாள். யார் யாருக்கு யாரிடமிருந்து வந்ததோ, வர வேண்டியதெல்லாம் வந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பள்ளி விட இரண்டு மணி நேரம் இருக்கும்போது, அவசரமாகப் போன் செய்து கூட்டிப்போகச் சொன்னார்களே, அந்த இரண்டு மணி நேரத்தில் எதைத் தடுத்தார்கள்?

இரண்டு மாதமும் நாங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனிக்கவில்லை. முதல் தடவை பேன் வரும் குழந்தைக்கு அரிப்பே தெரியாது. பேனின் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போவதுதான் அரிப்பு, அது தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம்கூட ஆகும். அதற்குள் உள்ளே குடித்தனம் நடந்துகொண்டிருக்கும்.

தலைத்தோலிலிருந்து கால் அங்குலத்துக்கு அப்பால் இருக்கிற ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன ஓடு, இல்லாவிட்டால் செத்த முட்டை. ஓடு யாருக்கும் தொற்றாது. உயிருள்ள முட்டையும்கூட முடியை விட்டு இன்னொரு தலைக்கு நடந்து போகாது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வோமே, அதன் முதல் பாதியைச் சொல்லுக்குச் சொல் அப்படியே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி என் பொய்யைச் சொல்கிறேன். இரண்டாம் முறை திருப்பி அனுப்பியதும், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று உட்கார்ந்து, கண்ணில் பட்ட வெள்ளை ஈரை எல்லாம் ஒவ்வொன்றாக இடுக்கியால் உருவி எடுத்தேன். "முடியை ஒட்ட வெட்டிடலாமாப்பா?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள். இடுப்பு வரை முடி வளர்க்க வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று அளந்து பார்க்கிற பெண் அவள். திங்கட்கிழமை பென்சில் சோதனையில் தேறினாள். வகுப்புக்குள் போனாள்.

அன்று ராத்திரி மறுபடி சொறிந்தாள். பேன் சீப்பால் வாரினால் உயிரோடு 11 விழுந்தன. பெரும்பாலும் குஞ்சுகள், நன்றாக வளர்ந்தவை இரண்டு. நான் உருவியதெல்லாம் முடியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்த வெற்று ஓடுகள். பொரிக்காத முட்டை பழுப்பாக, முடியின் நிறத்தில் கலந்து, தோலோரமாக ஒளிந்திருக்கும். மருந்தில் சாகாமல் தப்பியவை அவைதான். ஆக, நடமாடும் பேன் இல்லாத வெள்ளிக்கிழமை அவளை வெளியே நிறுத்தினார்கள். 11 பேனோடு போன திங்கட்கிழமை உள்ளே விட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கு நான் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. சொன்னால் இன்னும் எத்தனை நாள் பெஞ்சில் உட்கார வைப்பார்களோ. வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கு அனுப்பினேன். சாயங்காலம் வாசலில் நிற்கும்போது மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அதே வகுப்பில் மூன்று அம்மாக்கள் அந்த இரண்டு வாரத்துக்குள் தங்கள் பிள்ளைகள் தலையில் பேன் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர், "நாங்க சொன்னா உங்க பொண்ணுக்கு ஆன மாதிரி ஆயிடுமேன்னுதான்" என்று என்னிடமே சொன்னார். கோபம் வரவில்லை, நானும் அதையேதான் செய்திருந்தேன். பேனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உண்மை சொன்ன வீட்டுக்குத் தண்டனை, மறைத்த வீட்டுக்குச் சலுகை என்றால் எல்லாரும் மறைக்கத்தான் செய்வார்கள். நாங்கள் துரத்தி முடிப்பதற்குள் அந்த மூன்று தலையிலிருந்து திரும்பி வந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை இரவு வீட்டில் எல்லார் தலையையும் வாரினோம். மனைவிக்கு 4. ஒட்ட வெட்டிய முடியோடு திரியும் மகனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு 3. இரண்டு வாரமாக நான் கடைக்குப் போய்வந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களோடு ஒரே கடிகாரத்தின் மேல் இரண்டு தலையும் குனிந்து "இங்க பாருங்க, இந்தப் பல்லுதான் தேஞ்சிருக்கு" என்று காட்டியிருக்கிறேன். என்னை யாரும் சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை.

விழுந்தவற்றில் ஒன்றை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். எள்ளளவு உடம்பு, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிறது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு, அது என் மகளின் ரத்தம். ஆறு கால். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கொக்கி, அதற்கு எதிரில் ஒரு முண்டு; இரண்டுக்கும் நடுவில் சரியாக ஒரு முடி போகிற இடைவெளி. ஒரு முடியை நீட்டினேன், டக்கென்று பற்றிக்கொண்டது. நான் பார்த்த எந்தக் கடிகாரச் சங்கிலியிலும் இவ்வளவு கச்சிதமான பூட்டு இல்லை. அதே சமயம், இந்தக் கொக்கியை வைத்துக்கொண்டு தாவ முடியாது, இறக்கையும் கிடையாது. முடியைப் பிடித்து நடக்கத்தான் தெரியும். நன்றாக நடந்தால் நிமிடத்துக்கு ஒரு ஜாண். ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டால்தான் பெரும்பாலும் இடம் மாறும். வகுப்பறையின் குறுக்கே பறந்து வந்து யாரையும் பிடிக்காது.

சுத்தம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேன் வரும் என்பதும் பொய். கழுவிய முடியும் கழுவாத முடியும் அதற்கு ஒன்றுதான். இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய நகரத்தில் கிடைத்த ஒரு யானைத் தந்தச் சீப்பைப் பற்றி 2022இல் செய்தி வந்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழையது. அதில் கானான் நாட்டு மக்களின் பழைய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்: இந்தத் தந்தம் முடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும். பல்லிடுக்கில் பேனின் மிச்சமே இருந்ததாம். தந்தத்தில் சீப்பு வைத்திருந்தவன் ஏழையாகவா இருந்திருப்பான்? அந்த எழுத்துமுறையில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வாக்கியமே இந்தப் பேன் வாக்கியம்தானாம். எனக்கு இதைப் படித்ததில் ஒரு ஆறுதல்.

நோய் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது பேன் என்று சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1909இல் கண்டுபிடித்தார், அதற்கு 1928இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அது துணியில் குடியிருக்கும் சீலைப்பேன். தலைப்பேன் அரிப்பைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சொறிந்து சொறிந்து புண்ணானால் அதில் சீழ் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கடைசியில் வேலை செய்தது பேன் சீப்பு. மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை, எந்த வயதுக்கு என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டு, தாளைப் படித்துப் போடுங்கள். பெர்மெத்ரினுக்குச் சாகாத பேன்கள் இப்போது பல இடங்களில் பெருகிவிட்டன. டைமெத்திகோன் என்று ஒரு வகை இருக்கிறது, அது சிலிக்கோன். தண்ணீர் புகாத கடிகாரத்தின் ரப்பர் வளையத்தில் நான் தடவுவதும் சிலிக்கோன்தான், அதனால் அதன் வழி எனக்குச் சட்டென்று புரிந்தது; நஞ்சு ஊட்டிக் கொல்வதில்லை, பேனை மேலே போர்த்தி மூடியே கொல்கிறது.

சீப்பு வேலை இப்படி. முடியை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவ வேண்டும். ஈரத்திலும் வழுவழுப்பிலும் பேன் ஓடாமல் அப்படியே நிற்கும். சிக்கெடுத்துவிட்டு, முடியைச் சின்னச் சின்னப் பிரிவாகப் பிரித்து, சீப்பின் பல் தலைத்தோலில் உரச, வேரிலிருந்து நுனி வரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இரண்டு மடங்கு நேரம். நீண்ட முடிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இதை முதல் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் செய்து, 17ஆம் நாள் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். ஏன் நான்கு நாள் இடைவெளி? முட்டை பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நான்கு நாளைக்கு ஒரு தடவை வாரினால், இன்று பொரித்த எதுவும் தாயாவதற்கு முன்பு சீப்பில் இரண்டு தடவையாவது மாட்ட வேண்டும். கணக்கு சுத்தமாக ஓடுகிறது. கடிகாரம் எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று எழுதி வைக்கும் நோட்டிலேயே இதையும் எழுதினேன்: 11, 4, 1, 0, 0.

வீட்டையே தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. தலையணை உறை, துண்டு, சீப்பு, இவற்றைச் சுடுதண்ணீரில் போட்டால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். என் மனைவி இதை நம்பாமல் மகளின் கரடி பொம்மையைப் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் அலமாரி மேல் வைத்திருந்தார். தப்பில்லை. கரடிக்கும் விடுப்பு என்று மகளுக்குக் கொஞ்சம் திருப்தி.

சரி, பள்ளிகள் என்ன செய்ய வேண்டும் என்கிறேன்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையில், பேனுக்காக ஆரோக்கியமான எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து ஒதுக்கக் கூடாது, ஈர் இல்லாவிட்டால்தான் அனுமதி என்ற விதியைக் கைவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையும் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்றே சொல்கிறது. நான் கேட்பதும் அதுதான். பேன் தெரிந்தால் குழந்தை பள்ளி விடும்வரை வகுப்பில் இருக்கட்டும். அன்று இரவு வீட்டில் வேலையை ஆரம்பிக்கட்டும். மறுநாள் வரட்டும். அதோடு, அன்றைக்கே அந்த வகுப்பின் எல்லா வீட்டுக்கும் பெயரில்லாத ஒரு சீட்டு போகட்டும். எல்லாரும் ஒரே இரவில் வாரினால்தான் ஒருவர் துரத்தியது இன்னொருவர் தலையில் போய்ப் பதுங்காது.

அந்தச் சீட்டுக்கு மாதிரியாக, பழுது சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்திருப்பது இது: "இந்த வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பேன் இருக்கிறது. இன்று இரவு உங்கள் பிள்ளையின் தலையை ஈரத்தோடு பேன் சீப்பால் வாரிப் பாருங்கள். இருந்தால் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள், யாரிடமும் பெயர் சொல்ல மாட்டோம். நாளைக்கு வழக்கம்போல் பள்ளிக்கு அனுப்புங்கள்." வாங்கிப் படித்தார். பார்க்கலாம் என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். மூன்று வாரமாகிறது, அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தபாலில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். வெர்னியர் என்றால் என்ன என்று கேட்டாள், காட்டினேன். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம பேரைப் போடாதீங்கப்பா" என்றாள்.

போடவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்